காற்று இறங்கிய இடம்

ஏழு பத்து ரயிலில் எங்கள் சைக்கிள்கள் மூன்றும்
கொக்கியில் தொங்கி வந்தன, கசாப்புக்கடை ஆடுகளாய்.
ரதிம் தூங்கினான்.
வெந்துலா பிரேக் கட்டையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
செக் நாட்டின் வடமேற்கு விளிம்பு. அக்டோபர்.
கடைசி நிறுத்தத்துக்கு அப்பால்
தண்டவாளம் புல்லுக்குள் நுழைந்து காணாமல் போகிறது.

மலைக்குப் பெயரே தாதுமலை.
மலையைக் கெல்லி எலியைப் பிடித்தவர்கள் என்று
இவர்களைச் சொல்ல முடியாது.
வெள்ளி பிடித்தார்கள். வெள்ளீயம், கோபால்ட்.
கடைசியாக, முள்வேலி போட்டு, கைதிகளை இறக்கி, யுரேனியம்.
பிறகு உள்ளே தண்ணீர் ஏறட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஏற்றம் ஒன்பது கிலோமீட்டர்.
பேச்சு முதல் கிலோமீட்டரிலேயே தீர்ந்தது.
ஆக இலகுவான கியரில் கால் சுற்றச் சுற்ற
முன்னால் போகிறவளின் முதுகில் வியர்வை
ஒரு நாட்டின் வரைபடம்போல்
எல்லையை நகர்த்திக்கொண்டே போனது.
இருபுறமும் ரோவன் மரங்கள், கொத்துக்கொத்தாய்ச் சிவப்பு.

ஓட்மார் எங்களைக் கடந்தது அப்போதுதான்.
எழுபது வயது, ஜெர்மன் பக்கத்துக்காரர்,
பேட்டரி சைக்கிள், வாயில் சீட்டி.
சுரங்கத்தில் இறங்குகிறவனுக்குச் சொல்லும் பழைய வாழ்த்தை
எங்களுக்குச் சொன்னார்:
நல்லபடியாய் மேலே வந்து சேர்.
மூச்சில்லாமல் தலையை மட்டும் ஆட்டினோம்.

உச்சியை ஒட்டி, பூமி உட்கார்ந்துபோன ஒரு குழி.
தோண்டியவர்கள் தூண் விடாமல் தோண்டிவிட்டார்கள்.
கம்பிவேலியில் பலகை: இங்கே நிலத்தை நம்ப வேண்டாம்.
ஜூனில் விவாகரத்தான வெந்துலா அதை இரண்டு முறை படித்தாள்.
‘நம்பலாம் என்று எங்கேயாவது பலகை வைத்திருக்கிறார்களா?’
கேட்டுவிட்டு வாழைப்பழம் உரித்தாள்.

இறக்கத்துக்கு ஒரே விதி:
கண் போகிற இடத்துக்குச் சக்கரம் போகும்.
கல்லைப் பார்த்தால் கல். மரத்தைப் பார்த்தால் மரம்.
கழிவுக்கல் மேடுகள்மேல் பிர்ச் மரங்கள் வெள்ளையாய் விலக,
இடுப்பை இருக்கைக்குப் பின்னே தள்ளி,
விரல்கள் மரத்துப்போக,
பன்னிரண்டு வயதுக்குத் திரும்பிய மூன்று பேர்
கத்திக்கொண்டே பறந்தோம்.
ரதிமின் பின்சக்கரம் புஸ் என்றது.

ஒரு வெண்படிகக் கல். பல் மாதிரி.

ஓட்டையைக் காணத் தண்ணீர் வேண்டும்.
பக்கத்திலேயே சுரங்கத்தின் பழைய வாய்;
வௌவால் போக மட்டும் இடம்விட்ட கம்பிக்கதவு,
அடியில் துருநிற நீர், சத்தமில்லாமல்.
டியூபை அமுக்கினோம்.
குமிழிகள் வரிசையாய் மேலே வந்தன,
உள்ளே யாரோ இன்னும் எண்ணிக்கொண்டிருப்பதுபோல.

பசை காயும்வரை, ஊர் இருந்த இடத்தில் உட்கார்ந்தோம்.
எஞ்சியது ஒரு வாசற்படி, ஆறு ஆப்பிள் மரம்.
போர் முடிந்ததும், தூக்க முடிந்த மூட்டையோடு
எல்லை தாண்டச் சொன்னார்கள்;
மரங்களிடம் யாரும் சொல்லவில்லை.
காய் புளித்தது. ஆனாலும் ஆளுக்கு மூன்று தின்றோம்.

தின்றபடிதான் அந்த முளைகளைப் பார்த்தேன்.
புதுக்கட்டை, ஆரஞ்சு நாடா, எண்கள்,
வாசற்படியிலிருந்து காட்டுக்குள் நேர்கோடாய்.
‘லித்தியம்,’ என்றான் ரதிம். ‘ஆகஸ்டில் நான்தான் அடித்தேன்.’
வேலை மாறியதை எங்களிடம் சொல்லியிருக்கவில்லை.
வெந்துலா கேட்டது ஒன்றுதான்: ‘எவ்வளவு ஆழம்?’
அவன் சொன்ன எண்ணுக்குப் பிறகு
மேலே எங்கோ ஓட்மாரின் சீட்டி
வந்து, போய், வந்தது.

காற்றடித்தோம். மாறி மாறி, நூறு நூறாய்.

அடிவார விடுதியில் பூண்டுச் சூப்.
மேசைமேல் மரத்தில் செய்த சுரங்கத் தொழிலாளி,
இரு கையிலும் மெழுகுவர்த்தி.
ரதிமுக்கு வீட்டுக்கடன். ஓட்மாருக்கு முட்டிவலி.
எனக்குச் சட்டைப்பையில் எந்நேரமும் விழித்திருக்கும் போன்.
கோபப்பட ஆள் கிடைக்காமல்
சூப்பை ஊதி ஊதிக் குடித்தோம்.

மாலை ரயிலில் சைக்கிள்கள் மறுபடி கொக்கியில்.
ரதிமின் டயரிலிருந்து சிவப்பு நீர் சொட்டி
பெட்டியின் தரையில் கோடு போட்டது.
டிக்கெட் பார்க்க வந்தவர்
காலை அகட்டி அதைத் தாண்டினார்.
கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்தேன்.
இன்னும் நின்றது காற்று.