கோப்பு 117

நரிமேட்டில் மோட்டார் வைண்டிங் கடைக்கு மேல்
என் அறை.
கீழே செம்புக் கம்பியைச் சுற்றுகிறார்கள்,
மேலே நான் கடலைப் பிரிக்கிறேன்.

மண்டபத்திலிருந்து வாரம் ஒரு கறுப்புப் பெட்டி வரும்,
உள்ளங்கை அகலம்.
பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்துவிடுவார்கள்,
மாட்டுத்தாவணியில் போய் வாங்கிக்கொள்வேன்.
உள்ளே
நாற்பது மணி நேரத் தண்ணீர்.

ஒரு மணி நேரத்தைக் கேட்டுக் குறித்துக் கொடுத்தால்
நூற்றெண்பது ரூபாய்.
கட்டங்கள் மூன்று:
சீழ்க்கை. சொடுக்கு. தெரியவில்லை.

கடலுக்கடியில் அமைதி என்று யாராவது சொன்னால்
நம்பாதீர்கள்.
அங்கே ஒரு வகை இறால்,
விரல் நீளம்கூட இல்லை,
ராப்பகலாய் அப்பளம் பொரிக்கிறது.
அதன்மேல் விசைப்படகு.
அதன்மேல் எங்கள் கயிறே உரசும் சத்தம்.
இத்தனைக்கும் இடுக்கில்தான்
ஓங்கில் தன் பேச்சைப் பேசியாக வேண்டும்.

திரையில் அந்தக் குரல் ஒரு கோடு.
ஏறும், வளையும்,
என்னவோ மறந்தது போல் நிற்கும்,
இறங்கும்.
ஆளுக்கொரு கோடாம். அதுதான் பெயராம்.
தன் பெயரைத் தானே கூப்பிட்டுக்கொண்டு போகுமாம்.

படித்தபோது சிரித்தேன்.
அந்த வாரம் பெட்டி வாங்க நின்ற சாயங்காலம்
அருப்புக்கோட்டை அருப்புக்கோட்டை அருப்புக்கோட்டை
என்றது ஒரு பேருந்து.
சேவங்கை சேவங்கை என்றது இன்னொன்று.
எப்போது கிளம்பும் என்று சொல்லவில்லை,
இடம் இருக்கிறதா என்றும் சொல்லவில்லை.
பெயர். திரும்பவும் பெயர்.
மூட்டையும் பிள்ளையுமாய் ஒருத்தி
அத்தனை இரைச்சலிலும் சட்டென்று திரும்பினாள்.

நானும் ஒரே ஒரு முறை படகில் போனேன்.
இன்னாசி இன்ஜினை அணைத்தார்.
ஒலிவாங்கியை எட்டு மீட்டர் இறக்கினோம்.
ஓங்கில் வரவில்லை.
எனக்கு வாந்தி வந்தது.
அதுவும் பதிவாகியிருக்கிறது, கோப்பு 61.
'தெரியவில்லை' என்று நானேதான் குறித்தேன்.

இன்றைக்கு 117.
இன்ஜின் நின்று பதினோராவது நிமிடம்
ழகரத்தின் வால் போல ஒரு கோடு.
இதை எனக்குத் தெரியும்,
நாலு பெட்டிகளாக வருகிற கோடு.
கூப்பிட்டது. பொறுத்தது. கூப்பிட்டது.
தூரத்தில் இழுவைப்படகு கிளம்பித்
திரையின் கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பலாயிற்று.
மூன்றாம் முறை அதே கோடு
சாம்பலுக்கு மேலே ஏறி நின்றது,
நெரிசலில் குதிகால் தூக்குகிறவர்கள் மாதிரி.

அப்போது
பலகை வழியே, தண்ணீர் வழியே,
மங்கலாய் ஓர் ஆள்:
ஹலோ.
ஹலோ, பிலோமி, கேக்குதா?
கோடு.
கேக்குதாம்மா?
கோடு.
சிக்னல் கிடைக்காத கடலில் இன்னாசி
மகளைப் பிடிக்கப் பார்க்கிறார்.
ஹலோ.
கோடு.

மனிதக் குரல் வந்தால் வெட்டிவிட வேண்டும்,
அது விதி.
வெட்டும் இடத்தைத் தேர்ந்துகொண்டிருந்தபோது
மின்சாரம் போனது.
கீழே வைண்டிங் நின்றது, விசிறி நின்றது.
பேட்டரியில் என் கடல் மட்டும் ஓடியது.
இத்தனை நாள் அந்த இரைச்சலில்
ஒரு பதிலைத் தவறவிட்டிருப்பேனோ என்று
கண்ணை மூடிக் காதைக் கொடுத்தேன்.
அப்பளம் பொரிந்தது.

வெட்டவில்லை.
நாலாவதாக ஒரு கட்டம் போட எனக்கு அனுமதி இல்லை.
'சீழ்க்கை' என்று குறித்தேன்.
எண்ணிக்கை: ஆறு.
அதில் மூன்று யாருடையவை என்று கேட்டால்
அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

மொத்தம் இருபத்தாறு விநாடி.
கணக்குப்படி
ஒரு ரூபாய் முப்பது காசு.