ஏழாம் புள்ளி

காலாப்பட்டில் ஐப்பசி.
கடல் அரைக் கிலோமீட்டர் தள்ளி இருப்பது
வரைபடத்தில் மட்டும்தான்.
தாழ்ப்பாளில் துருவாகவும்,
நீலம் வெளிறி ரோஸாகிப்போன சிலிக்கா ஜெல்லாகவும்
ஆய்வகத்துக்குள் எப்போதோ வந்துவிட்டது.

சிலிக்கன் சில்லு ஒன்று, விரல்நகம் அளவு.
மெத்தில் ரெட் சாயத்தில் ஒரு சொட்டு விட்டு
நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுச் சுழற்றினோம்.
மிஞ்சியது
தலைமுடியை ஆயிரமாக வகிர்ந்தால் வரும் கனம்.
அதன்மேல் அலுமினியம், பத்துப் புள்ளிகள்.
ஒரே வெற்றிடம், ஒரே சூடு, ஒரே நாற்பது நொடி.

பத்தும் பத்து விதம்.

உலோகம் குறைகடத்தியைத் தொடும் இடத்தில்
தானாக ஒரு கலிங்கு எழும்பிவிடும்;
அந்த உயரம் ஏறினால்தான் மறுபக்கம்.
நடுவில் சாயம் படுத்துக்கொண்டால்
கலிங்கு இன்னும் கால் வோல்ட் உயர்கிறது.
எப்படி என்று கேட்டால்
மூன்று காரணம் சொல்வேன்,
மூன்றையும் முழுசாக நம்பமாட்டேன்.

இலட்சியக் காரணி என்று ஓர் எண் உண்டு.
ஒன்று என வந்தால் அது பாடப்புத்தகத்து டையோடு.
எங்களுக்கு 1.4, 1.6, 1.5,
பிறகு ஒரு 1.9.
"ஒன்று வந்தால்தான்டி பயப்படணும்" என்றாள் இதயராணி,
மீட்டரின் கம்பியைத் திருகியபடி.

ஏழாவதுதான் தொல்லை.
பின்னோக்கி அழுத்தினால் ஒழுகியது.
அதுவும் பிற்பகல் மூன்று மணி வாக்கில்,
அதுவும் மழை பெய்யாத நாட்களில்.
எங்கள் விடுதிக் கூரைக்கு நேர் எதிர்.

"ஒன்பது போதுமே, ஏழை விட்டுடு" என்றார் வழிகாட்டி.
தப்பாகச் சொல்லவில்லை. எல்லாரும் விடுகிறார்கள்.
ஒன்பது என்று தட்டச்சும் செய்துவிட்டேன்.

சண்டே மார்க்கெட்டில் மீட்டர் எழுபதுக்கு வாங்கி
மேற்கு ஜன்னலில் ஆணியடித்த கறுப்புத் துணி.
அதில் ஊக்கு குத்திய அளவு ஓட்டை.
மூன்று மணி வெயில் நூலாக இறங்கி
மேசையைக் கடந்து
ஏழின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது.

ஒரு மாதமாக அது ஒழுகவில்லை.
பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

டேப் ஒட்டினேன்.
ஒழுக்கு குறைந்தது.
முழுக்க நிற்கவில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும்.

இப்போது மின்தேக்குத்திறன்.
பத்து லட்சம் ஹெர்ட்ஸில் கேட்டேன்: மௌனம்.
சாயத்துக்கும் சிலிக்கனுக்கும் நடுவே சிக்கியிருப்பவை
வாயைத் திறப்பதற்குள்
அடுத்த கேள்வி போய்விடுகிறது.
ஒரு லட்சத்தில் லேசாக ஏதோ முனகல்.
ஐம்பதாயிரத்தில் கோடு மேலே எழும்பியது.

கடலூர்ப் பேருந்து ஏழரைக்கு.
இதயராணி பையை மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.
"இன்னும் எத்தனை?"
"ஒண்ணு. ரொம்ப மெதுவா கேட்கணும்."

ஒன்பதை அழித்துப் பத்து என்று மாற்றினேன்.
வெளியே மறுபடி மழை பிடித்துக்கொண்டது.
அவள் பையைக் கழற்றவில்லை,
ஆனால்
உட்கார்ந்தாள்.