இறங்காத மின்னல்

புளியரை சோதனைச் சாவடிக்கு முன்னால்
வைக்கோல் லாரிகள் வரிசையாக நனைகின்றன.
எஸ் வளைவில் மண் சரிந்துவிட்டது, விடியும்வரை வழியில்லை.
எடைமேடை அறையில் நாங்கள் நான்கு பேர்,
கட்டம் போட்ட வரைபடம், ஆளுக்கொரு சோடா மூடி,
இருபது முகமுள்ள பகடை ஒன்று.

போன சனிக்கிழமை ஆட்டம் நின்ற இடம்:
ஷைனியின் வாள்மந்திரக்காரி
வலக்கையில் மின்னலை ஓதி ஏற்றினாள்.
தொட்டுத்தான் இறக்க வேண்டும்;
வாளால் தொட்டாலும் தொட்டதுதான்,
வெட்டோடு மின்னலும் உள்ளே போகும்.
பகடையில் விழுந்தது நான்கு.
வாள் காற்றைக் கிழித்தது.
மின்னல் போகவில்லை.
எதையாவது தொடும்வரை கையிலேயே நிற்கும் என்றேன்.
ஆரியங்காவுக்குக் கடைசி பஸ் வந்துவிட்டது.
மின்னலோடு ஏறிப் போனாள்.

ஒரு வாரம்.
"வார்டில் வலக்கையால் யாரையும் தொடலை, கேட்டோ"
என்று சிரிக்கிறாள்.
டயாலிசிஸ் ஊசிக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு கைகளில்
நரம்பு தேடுகிறவள்.

இசக்கியப்பன் சிரிக்கவில்லை.
மின்வாரிய லைன்மேன்; விதிப்புத்தகத்தை நம்பாதவன்.
"வாள் இரும்புதானே, பிறகு எதுக்குத் தனியா ஒரு விதி?
அரக்கன் போட்டுருக்கது செம்புக் கவசம்,
பக்கத்துல போனாலே இழுக்கும்லா.
பிடி என்ன, மரமா தோலா? அதைச் சொல்லும் முதல்ல."
பிடியைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றுமில்லை.
தோல் என்றேன்.
ஈரமா என்றான்.
ஜன்னலைப் பார்த்தேன். ஈரம் என்றேன்.

அதற்குள் பீர்முகம்மதுவின் திருடன்
கயிற்றுப் பாலத்தில் ஓடினான்.
பார்சல் ஆபீசில் ஒரு பெட்டியைக் கைநழுவ விடாதவன்,
இங்கே மட்டும் எப்போதும் மூன்று.
பாலம் அறுந்தது. ஒரு வேரைப் பிடித்துத் தொங்குகிறான்.
அவன் மூடியை வரைபடத்தின் ஓரத்தில்
பாதி வெளியே தெரிய வைத்தேன்.

"கை குடு, ஷைனி."
நீட்டினாள், நிஜக் கையை, மேசைக்கு மேல்.
பாதியில் நின்றது.
இடக்கையை ஓநாய் கடித்தது மூன்றாவது ஆட்டத்தில்,
இன்னும் ஆறவில்லை.
மிச்சமிருப்பது வலக்கை,
அதில் ஒரு வாரத்து மின்னல்.
கூட்டாளியா பகையாளியா என்று அது கேட்காது.
முதலில் எதைத் தொடுகிறதோ அதற்கு.

எடைமேடையின் சிவப்பு எண்கள்
வண்டி எதுவும் ஏறாமலே
நாற்பது, அறுபது என்று நடுங்கின.
மழையின் எடை.

"பாறையில குத்து," என்றான் இசக்கி.
குரல் அவனுடையதாக இல்லை.

சித்திரையில், கோட்டவாசல் பக்கம்,
லைனை ஆஃப் செய்த பிறகுதான் செல்வின் ஏறினான்.
எங்கோ ஒரு ரப்பர் ஷெட்டில் ஜெனரேட்டர் ஓடியது.
எர்த் ராடு ஜீப்பிலேயே கிடந்தது.
அணைத்த கம்பிக்குள் அது காத்திருந்தது,
முதலில் தொடுகிறவனுக்காக.
இசக்கி இதை எங்களிடம் சொன்னதில்லை.
நான் பேப்பரில் படித்தேன்.

"அரக்கன் முதுகுக்குப் பின்னால நிக்கான்,
அந்த அடியப் பாறைக்கா குடுப்பா?"
கேட்டது பீர்தான், தொங்கிக்கொண்டே.
ஷைனி பகடையை எடுத்தாள்.
வேண்டாம் என்றேன். பாறை விலகாது.

செருகினாள்.
என்ன நிறம் என்று கேட்டாள்.
நீலம் என்று சொல்ல வாய் திறந்தேன்.
"வெள்ளை," என்றான் இசக்கி. "சத்தம் பிறகுதான் வரும்."

அரக்கன் அடித்தது பதினேழு புள்ளி.
அவளுக்கு மிச்சம் இரண்டு.
வாளைப் பாறையிலேயே விட்டுவிட்டு
வெறுங்கையை நீட்டினாள்.
பீர் உருட்டினான். மறுபடியும் மூன்று.
பிடிக்கிறவள் நிற்கும்போது மூன்று போதும் என்றேன்.
அப்படியொரு விதி இல்லை;
யாரும் புத்தகத்தைப் புரட்டவில்லை.

மூடி வரைபடத்துக்குள் வந்தது.
இசக்கி குனிந்து
மேசையின் இரும்புக் காலைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தான்.
"எர்த் ஆயிட்டு," என்றான்,
எங்கள் மூவரில் யாரிடமும் இல்லை.