இருட்டில் விட வேண்டும்

ஒட்வார் டிராலரில் போய்ப் பதினாறு நாள்.
போகுமுன் டீசல் ரசீதின் பின்பக்கம்
எழுதிவைத்துப் போனது:
பெரியவற்றுக்கு முதலில் வயிறு நிறையப் போடு.
கற்களை இடம் மாற்று.
விளக்கை அணை.
பிறகு விடு.
காலைவரை பார்க்காதே.
கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.
என்னைத் தெரிந்தவன்.

சிறுசுகள் இன்று கடலோரக் கப்பலில் வந்திறங்கின,
தெர்மோகோல் பெட்டிக்குள், வெந்நீர்ப் புட்டியை அணைத்தபடி.
பன்னிரண்டு. ஒவ்வொன்றும் என் சுண்டுவிரலில் பாதி.
மலாவி ஏரி மீன்கள் என்று பேர்தான்;
பிறந்தது பெர்கனில்
ஒரு தபால்காரரின் நிலவறையில்.

போட்ஸ்ஃபியூரை விட்டுச் சூரியன் நவம்பரிலேயே போய்விட்டது.
இந்தத் தெருவில் பகல் என்று ஒன்று இருந்தால்
அது எங்கள் தொட்டிக்குள்தான்:
எட்டு மணிக்கு டைமரில் உதிக்கும்,
எட்டு மணிக்கு டைமரில் சாயும்.
எதிர்வீட்டு ரன்வேய்க் கைக்குழந்தையோடு
எங்கள் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பாள்,
வெயில் காய்கிறவள் மாதிரி.

எனக்கு வேலை காட் மீன் ஆலையில்.
இன்று என் கத்தி வழியாகப் போனவை எத்தனை என்று
இயந்திரத்தைத்தான் கேட்க வேண்டும்.
ஒன்றுக்கும் கை நடுங்கவில்லை.
இப்போது வாளியருகே குந்திக்கொண்டு
பன்னிரண்டு பொடிசுகளுக்காக
தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாய் விட்டு
சொட்டை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
சிரித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே பெரியவை ஏழு.
நீலன் ஒருவன். நான் வைத்த பேர் துறைமுக அதிகாரி.
தட்டைக்கல் தொடங்கிக் குகை வாசல்வரை
பட்டா அவன் பேரில்.
சாம்பல் நிறத்தாள் ஒருத்தி வாய்க்குள் முட்டைகளோடு
இரண்டு வாரமாய்ப் பட்டினி.
தீனியைத் தூவினேன்.
ஆறு பேர் மொய்த்தார்கள்; அவள் மூலையிலேயே நின்றாள்.
தன் பிள்ளைக்குத் தொட்டிலான வாய்
அடுத்தவள் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று
ஒட்வார் சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருக்கிறான்.

சட்டைக் கையை மடித்துத் தோள்வரை விட்டேன்.
துறைமுக அதிகாரி விரலைக் கடித்தார்,
கம்பளியில் மாட்டிய முள் உரசியது போல.
குகையைப் பிரித்தேன். தட்டைக்கல்லை நிமிர்த்தினேன்.
மேடு இருந்த இடத்தில் பள்ளம்.
கலங்கல் அடங்கியபோது
அவர் நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தார்,
யாரை விரட்டுவது என்று தெரியாத முகத்தோடு.
ஊர் முழுக்கப் புறம்போக்கு.

கை ஈரம் காயுமுன்
ஒட்வாரின் சாய்நாற்காலியையும் தள்ளினேன்.
ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது.
ஏழு வருடமாய் அது அடுப்புக்கு எதிரே கால் நீட்டிக் கிடக்கும்;
நான் சுற்றிக்கொண்டு போவேன்.

விளக்கை அணைத்தேன்.
வலையில் ஒவ்வொன்றாய் எடுத்து இறக்கினேன்.
சத்தமே இல்லை. போட்டேனா இல்லையா என்று
எனக்கே சந்தேகம்.
பனி வாரும் வண்டி கடந்தபோது
மஞ்சள் வெளிச்சம் கூரையில் ஒரு தடவை சுற்றியது.
கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு கோடு.

பம்பின் முனகல்.
எப்போதோ ஒரு 'சளக்'.
அதற்குப் பிறகு இல்லை, அதுதான் தூங்கவிடவில்லை.
மூன்று மணிக்குக் கழிப்பறைக்கு எழுந்தவள்
நாற்காலியில் கால் இடித்துக்கொண்டு
இல்லாதவனைத் திட்டினேன்.

எட்டு மணிக்கு உதித்தது.
ஒன்பது.
கல்லிடுக்கில் இருப்பது நிழல் இல்லையென்றால் பத்து.
பம்பின் பின்னால் வால் கிழிந்த ஒன்று,
கிழிந்த வாலை அசைத்துக்கொண்டே பாசி கொறித்தது.
அதிகாரி சின்னதாய் வேறு பொந்து பார்த்திருந்தார்,
புதுக் குடித்தனக்காரர் போல, வாசலிலேயே.
சாம்பல்காரியின் வாய் மூடியே இருந்தது.
அதற்குள் யார் என்று நான் யோசிக்கவில்லை.

மத்தியானம் கடலிலிருந்து போன்.
எத்தனை?
ஓரிடத்தில் நின்றால்தானே எண்ணுவதற்கு என்றேன்.
கற்களைப் பழையபடி வைத்துவிடாதே.
வைக்கவில்லை.
நாற்காலியைப் பற்றி அவனுக்குக் கேட்கத் தெரியாது.

அடுத்த வாரம் வருகிறான்,
ராத்திரியில்தான் படகு கட்டுவார்களாம்.
நல்லது. விளக்கு அணைந்திருக்கும்.
நான் முதலில் சாப்பிட்டிருப்பேன்.