பத்தாயிரத்துக்கு ஒரு விரல்

அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை நாங்கள்.
பெருமனை என்போம்.
பெருமனைக்குப் பல்வலி என்றால்
நைல் நெடுக வைத்தியர்கள் படகேறுவார்கள்.
பெருமனை இருமினால்
குளத்து வாத்தும் வாயை மூடிக்கொள்ளும்.

வடக்குப் போர் முடிந்த மறுநாள்
கைகளை எண்ண உட்கார்ந்தோம்,
நானும் அன்ஹூர்நக்தும்.
வலது கைகள் மட்டும், மணிக்கட்டோடு.
கைக்கு இவ்வளவு பொன் என்று பேச்சு.
அதனால் இடதையும் கலந்து கொண்டுவருவான் சிப்பாய்;
கட்டைவிரல் எந்தப் பக்கம் என்று பார்த்துத்
தள்ளவேண்டும்.
வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும்.
ஈக்களுக்குக் கணக்குத் தெரியாது.
எண்ணியதிலும் உட்காரும், எண்ணாததிலும் உட்காரும்.

எங்கள் எழுத்தில்
ஒன்றுக்கு ஒரு கோடு,
பத்துக்கு மாட்டுத் தளை,
நூறுக்குச் சுருட்டிய கயிறு,
ஆயிரத்துக்குத் தாமரை,
பத்தாயிரத்துக்கு ஒரு விரல்.
முதுகில் பிரம்படி வாங்கிப் படித்த பாடம்.

மூன்று தாமரை, ஒரு கயிறு,
இரண்டு தளை, ஏழு கோடு.
அன்று மாலை நான் எழுதியது இதுதான்.
அன்ஹூர்நக்த் சரிபார்த்தான்.

ஏழாவது கோட்டைப் பற்றி மட்டும் சொல்லவேண்டும்.
மெலிந்த கை.
உள்ளங்கையில் வாள் பிடித்த காய்ப்பு இல்லை.
நடுவிரலின் முதல் கணுவில், பக்கவாட்டில்,
பயறு அளவில் ஒரு மேடு.
நகக்கண்ணில் காய்ந்த களிமண்.
அந்த நாட்டில் களிமண்ணில்தான் எழுதுவார்கள்.
என் விரலைப் பார்த்தேன்.
அதே கணு, அதே மேடு,
களிமண்ணுக்குப் பதில் மை.
‘என்ன?’ என்றான் அன்ஹூர்நக்த்.
‘ஏழு’ என்றேன்.

பெருமனையின் முப்பதாம் ஆண்டு விழா.
குதிகால் வெடிப்பில் தேன் தடவிக் கட்டி,
இடுப்பில் காளைவால் ஆட,
முதுகு வளைந்த அந்தக் கிழவர்
தெய்வங்கள் பார்க்க ஓடினார்.
ஓடினார் என்றுதான் எழுதினேன்.

புதுக்கோயில் சுவரில் அவர் தேரில் நிற்கிறார்,
பேரீச்சை மர உயரம், இருபது வயது.
குதிரைக் குளம்புக்குக் கீழே கைக்குவியல்.
அதன் ஓரம் குந்தியிருக்கும் எழுத்தர் இருவர்.
அவர் முழங்காலுக்குக்கூட எட்டவில்லை நான்.

மேற்பார்வையாளர் சுவரைப் பார்த்தார்.
என் எண்ணைப் பார்த்தார்.
மறுபடி சுவரைப் பார்த்தார்.
‘தாமரைக்கு முன்னால் இடம் இருக்கிறதே’ என்றார்.

போட்டேன், ஒரு விரல்.
மை காய்வதற்குள்
பத்தாயிரம் பேர் செத்துப்போனார்கள்.
ஒருவனுக்கும் தாயில்லை, ஊரில்லை,
கத்திகூடத் தேவைப்படவில்லை.
‘கையெழுத்து அழகு’ என்றார்.
அன்று ஒரு ஜாடி பீர் கூடுதலாக வந்தது.
குடித்தேன்.

கல்தச்சன் ஹூனெரோ
வரைந்ததை வரைந்தபடி செதுக்குகிறவன்.
ஒருநாள் சாரத்தில் ஏறிப் பார்த்தேன்.
சாய்வெயில் சுவரைத் தடவிக்கொண்டு போனது.
விரலின் முதல் கணுவில், பக்கவாட்டில்,
பயறு அளவில்.

எப்போது வரைந்தேன் இதை?

‘உங்கள் கோடுதான்’ என்றான் ஹூனெரோ.
‘பிசகென்றால் தேய்த்துவிடுகிறேன்.’

சாரத்தைப் பிரிக்கச் சொல்லி
இறங்கி வந்தேன்.