பதினான்காவது கட்டம்

ஊத்துக்குளி ரோட்டில் ஒரு பழைய தறிக்கூடம்.
நேற்றிரவு அதில் ஓர் அறையைக் கொளுத்திவிட்டு
எங்களை அழைத்தார்கள். அணைத்தோம்.
கட்டில், மின்விசிறி, பனியன் கழிவு இரண்டு மூட்டை.
இன்று விடிந்ததும் கேள்வி:
எங்கே பற்றியது?

பயிற்சி தர வந்தவர் ஷகிலா பானு, தடயவியல்.
என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர்.
முதல் வாக்கியமே,
"தடயத்த அதிகமா அழிக்கறது தீ இல்லைங்க,
உங்க ஓஸ் பைப்."
சென்னியப்பன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டான்.

மண்டியிட்டோம்.
சாம்பலைச் சல்லடையில் போட்டுச் சலித்தோம்.
சுவரில் கரி விரித்த கூம்பு
தரையில் எங்கோ தன் கூர்முனையை ஊன்றியிருந்தது.
உடையாத குண்டு பல்பு ஒன்று
வெப்பம் வந்த பக்கமாய்க் கன்னம் உப்பியிருந்தது.
பத்தொன்பது வருடமாய்
எத்தனை பல்புகளை மிதித்து நடந்திருப்பேன்.

எங்கள் படிவத்தில் பதினான்காவது கட்டம்: காரணம்.
அதற்கு என்னிடம் இரண்டே சொற்கள்.
ஆள் இல்லாத இடமென்றால் மின்கசிவு.
ஆள் இருந்தால் பீடி.

டீக்குப் பிறகு சாயப்பட்டறை ஆபத்துகள்.
நீல டிரம், வெள்ளைப் பொடி.
"ஹைட்ரோஸ். ஈரம் கொஞ்சம் பட்டாப் போதும்,
தானாச் சூடேறும், தானாப் பத்தும்."
ஒரு கரண்டி எடுத்துத் தகரத்தில் கொட்டி
சில சொட்டு நீர் விட்டு
விலகி நின்றார்.
யாரும் எதையும் பற்ற வைக்கவில்லை.

முதலில் வாசம் வந்தது.
தீக்குச்சி உரசியது போல, தொண்டையைக் கீறிக்கொண்டு.

ஐப்பசி. பெருந்துறைப் பக்கம் ஒரு பட்டறை.
கூரை ஒழுகிய மூலையில் டிரம்கள்.
மழையோடு மழையாய் நாங்களும் பீய்ச்சினோம்,
முதல் பீய்ச்சலுக்கு அது எகிறியது.
"என்ன கருமம்டா இது, தண்ணியக் குடிச்சுட்டு எரியுது"
என்று கத்தியவன் சென்னியப்பன்தான்.
கேட்டோரம் நனைந்தபடி நின்றான் தைத்தாரி,
ஒடிசாக்காரன், ராக்காவல்.
காதில் ஒரு பீடி செருகியிருந்தது.
பற்ற வைக்காத பீடி.
பார்த்தேன்.
கட்டத்தை நிரப்ப அரை நிமிடம் ஆனது.

நாலு மாதச் சம்பளத்தை முதலாளி பிடித்துக்கொண்டார் என்றும்
ஸ்டேஷனில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள் என்றும்
பிறகு கேள்விப்பட்டேன்.
கேள்விப்பட்டே ஒன்பது வருடம்.

மதியம் கொள்ளு ரசம்.
இரண்டு முறை கழுவியும் நகக்கண்ணில் கரி.
"சென்னி, அந்தப் பெருந்துறை…" என்றேன்.
"தெரியுதுங்" என்றான், இலையைவிட்டுத் தலை நிமிராமல்.
"சாப்பிடுங்."

மாலை எழுத்துத் தேர்வு.
காரணம் என்பதற்கு நேரே நான்கு வாய்ப்புகள்,
நான்காவது: கண்டறிய இயலவில்லை.
இப்படியும் எழுதலாம் என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை.

தாளை நீட்டும்போது,
பழைய அறிக்கையைத் திருத்த ஏதாவது படிவம் உண்டா என்றேன்.
பேனாவை மூடப் போனவர் மூடாமல் கேட்டார்,
"எந்த வருசத்துதுங்க?"