ம் கொட்டியவர்

முதலில் ஃப்ரிட்ஜை நிறுத்தினோம்.
அதன் முனகல் மைக்கில் ஏறிவிடும் என்றான் யோகூபஸ்.
திரும்பப் போட மறந்துவிடக் கூடாதென்று
வேன் சாவியை அதற்குள்ளேயே வைத்தோம்,
ஊறிய வெள்ளரிக்கும் பாலாடைக்கட்டிக்கும் நடுவில்.
சாவி இல்லாமல் எங்கே போய்விட முடியும்?
அன்று நினைத்தபடி நடந்தது அது ஒன்றுதான்.

கிளைபெடாவில் நவம்பர்,
நாலு மணிக்கே இருட்டு.
நாலாவது மாடிச் சன்னலில்
துறைமுகத்தின் பளுதூக்கிகள்
ஒன்றொன்றாய் விளக்கேற்றிக்கொண்டன.
தங்குவோலே உட்கார்ந்த நாற்காலி கிறீச்சிட்டது,
வேறு நாற்காலி.
முகத்தில் நிழல்,
கொஞ்சம் இந்தப் பக்கம்.
கோடு போட்ட சட்டை திரையில் நெளிகிறதாம்,
வேறு சட்டை.
தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி
கைகளை எங்கே வைப்பதென்று கேட்டார்.

இருபத்திரண்டு கேள்விகள் வைத்திருந்தேன்.
இருபத்தொன்று ஒப்புக்கு.
நான் வந்தது பதினொன்றாவதுக்கு:
கம்பி அறுந்த இரவு
மேலே கூண்டில் இருந்தீர்களே,
என்ன உணர்ந்தீர்கள்?

"பசித்தது."

காத்திருந்தேன்.
படத்துக்கு ஆகிற மாதிரி ஏதாவது வரும் என்று.
"பீட்ரூட் சூப் கொண்டுபோயிருந்தேன்.
பிளாஸ்க் மூடி திறக்கவே இல்லை.
கீழே எல்லோரும் வித்மான்தாஸைச் சுற்றி நிற்கிறார்கள்.
சொல்லும்வரை இறங்காதே என்று ரேடியோவில் உத்தரவு.
நாற்பது நிமிடம்
அந்த மூடியோடுதான் மல்லுக்கட்டினேன்."

இரவு முழுக்க எடிட்டிங் அறையில்
ஹெட்போனைக் கழற்றாமல் ரிம்கைலே திட்டினாள்.
"அவர் 'கீழே' என்கிறார், நீ ம்.
'வித்மான்' என்கிறார், 'தாஸ்' வருமுன் நீ ம்.
மூச்சு விடுகிறார்,
அதற்கும் ஒரு ம்.
நீ என்ன, கதை கேட்கவா போனாய்?"
வெட்டிப் பார்த்தாள்.
என் ம் போனால் அவர் சொல்லின் வாலும் போனது.

மறுபடி போனோம்.
இந்த முறை உதட்டை இறுக மூடிக்கொண்டேன்.
தலையை மட்டும் ஆட்டினேன்.
மூன்று வாக்கியம் சொன்னார்.
நான்காவதன் பாதியில் நிறுத்தி
"கேட்கிறாயா?" என்றார்.
ஆட்டினேன்.
"இல்லை, நீ கேட்கவில்லை."
மிச்சத்தை
காப்பீட்டுக்காரரிடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தார்.
ஒரு தூசி இல்லாத ஒலி.
யோகூபஸ் கட்டைவிரல் காட்டினான்.

அன்றைக்கு அவசரம்.
சாவி அவன் சட்டைப்பையிலேயே இருந்தது.

நள்ளிரவு தாண்டி அலைபேசி.
"உங்கள் படம் நாசமாய்ப் போக!
செப்டம்பரில் சதுப்புக்காட்டில்
முழங்கால் நனையப் பறித்த கிரான்பெரி,
ஆறு பை.
சமையலறை முழுக்க ஓடுகிறது."
மன்னிப்புக் கேட்டேன்.
பதிலில்லை.
துணியைப் பிழியும் சத்தம்,
வாளியில் சொட்டும் சத்தம்.
அப்புறம்
திட்டுகிற அதே குரலில்,
அந்த ஷிப்டு தன்னுடையதல்ல என்றார்.
வித்மான்தாஸ் கெஞ்சி மாற்றிக்கொண்டானாம்,
மகளுக்குப் பள்ளியில் பாட்டுப்போட்டி மறுநாள்.
"மேலே நான் இருந்ததால்தான்
கீழே அவன் இருந்தான், புரிகிறதா?"
ம்.
"சூப்பை மறுநாள் குடித்தேன். புளித்திருந்தது. குடித்தேன்."
ம்.

பதிவுக்கருவி மேஜையில்தான் கிடந்தது,
கையெட்டும் தூரம்.
எட்டவில்லை என்று எழுதத்தான் ஆசை.
எட்டினேன்.
பொத்தான்மேல் விரலை வைத்தபடி
அவர் தரை துடைத்து முடிக்கும்வரை
ம் சொல்லிக்கொண்டிருந்தேன்,
அழுத்தவில்லை.

படத்தில் இருப்பது முதல் நாள் பேட்டி,
என் முனகல்களோடு.
அரங்கில் ஒருவர் கேட்டார்,
யாரந்த ம்மன்னா, நீக்கியிருக்கலாமே என்று.
குறித்துக்கொள்வதுபோல்
நோட்டில் ஏதோ கிறுக்கினேன்.

சந்தையில் இரண்டு கிலோ கிரான்பெரி வாங்கி
மூவருமாய்ப் படியேறினோம்.
ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார்.
"தோட்டத்தில் விளைந்தது," என்றார்,
"காட்டுப் பழமில்லை."
பையை வாங்கி ஃப்ரிட்ஜைத் திறந்தார்.
உள்ளே விளக்கு எரிந்தது.